சீட்டுப் பணத்தைச் சுருட்டியவருக்கு ஒரே மாதத்தில் ஜாமீன்: இதில் என்ன நியாயம்?

நொய்யல்கரை (காங்கேயம்)

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் பல ஆண்டுகளாக ஏலச்சீட்டு நடத்தியவர் தைப்பொங்கல் முடிந்த கையோடு கடையைச் சாத்திவிட்டுத் தலைமறைவானார். தேங்காய்க் களத்தில் கொப்பரை உடைக்கும் பெண்கள், அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர் என்று எல்லோரும் மாட்டிக்கொண்டோம். என் அம்மா இரண்டு எருமைகளை விற்ற பணமும் அதில்தான் இருக்கிறது. புகார் கொடுத்து, தேடிப் பிடித்து, ரிமாண்ட் செய்தார்கள். ஊரே பெருமூச்சு விட்டது. ஒரு மாதம்கூட முழுதாக முடியவில்லை, ஜாமீனில் வந்துவிட்டார். மாரியம்மன் பொங்கலில் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் நிற்கிறார். யாராவது கேட்டால், "கோர்ட்டே என்னை விட்டுவிட்டது, நீ யார் கேட்பதற்கு?" என்கிறார்.

ஜாமீன் கொடுப்பதா வேண்டாமா என்று நீதிபதி எதை வைத்து முடிவு செய்கிறார்? முகத்தைப் பார்த்தா, வக்கீலின் கட்டணத்தைப் பார்த்தா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பெஞ்ச் கிளார்க் (கோபி)

தம்பி, பணி ஓய்வு பெறும்வரை நீதிமன்றத்திலேயே காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் அந்த ஆள் ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிவது பொய். நீதிமன்றம் அவரை விடுவிக்கவில்லை. அவர் இன்றும் குற்றம் சாட்டப்பட்டவர்தான். வாய்தாவுக்கு வராவிட்டால் பிடிவாரண்ட் பாயும்.

ஜாமீன் மனு விசாரணைக்கு வரும்போது "இவன் திருடினானா இல்லையா" என்று யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. அதற்கு சாட்சிக் கூண்டு இருக்கிறது, குறுக்கு விசாரணை இருக்கிறது. அன்றைக்கு நீதிபதி எடை போடுவது வேறு. வெளியே விட்டால் விசாரணைக்கு ஒழுங்காக வருவாரா, ஓடிப்போவாரா? சாட்சிகளை மிரட்டுவாரா, ஆவணத்தை அழிப்பாரா? வெளியே போய் அதே வேலையை மறுபடியும் செய்வாரா? இவற்றோடு, குற்றம் எவ்வளவு கடுமையானது, நிரூபணமானால் என்ன தண்டனை, மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கில் சாரம் இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். பிரசாந்த குமார் சர்க்கார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இவற்றை வரிசையாகச் சொல்லியிருக்கிறது. ஜாமீன் வாதங்களில் அடிக்கடி காதில் விழும் பெயர் அது.

உங்கள் ஆளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஊரில் சொந்த வீடு, மனைவி மக்கள், தோட்டம் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. கணக்கு நோட்டுகளைப் போலீஸ் ஏற்கெனவே கைப்பற்றியிருக்கும். "இனி அழிக்க என்ன இருக்கிறது?" என்று அவருடைய வக்கீல் கேட்டிருப்பார். ஆனால் அவர் ஒருமுறை தலைமறைவானவர். அது அவருக்கு எதிரான பெரிய விஷயம். அரசு வழக்கறிஞர் அதை அழுத்தமாக எடுத்து வைத்தாரா, எதிர்ப்பு மனுவில் இரண்டே வரியில் முடித்துக்கொண்டாரா என்று விசாரியுங்கள். பாதி ஜாமீன் அங்கேதான் முடிவாகிறது.

தறிச்சத்தம் (சோமனூர்)

ஐயா சொன்னதில் ஒன்று உறுத்துகிறது. சொந்த வீடும் தோட்டமும் இருக்கிறவன் ஓடமாட்டான் என்றால், வாடகை வீட்டில் இருந்துகொண்டு தறி ஓட்டுகிறவன் ஓடிவிடுவானா? வசதி இருக்கிறவனுக்கு "இந்த ஊரில் வேர் இருக்கிறது" என்று பெயர், கூலிக்காரனுக்கு "நிலையான முகவரி இல்லை" என்று பெயர். கடைசியில் பணம்தானே பேசுகிறது?

வக்கீல் ஈரோடு

தறிச்சத்தம் அண்ணாவின் கேள்விக்கு வருகிறேன். முதலில் இழையைத் தொடங்கியவருக்குச் சில வார்த்தைகள்.

உங்கள் வழக்கு பெரும்பாலும் மோசடி, நம்பிக்கை மோசடிப் பிரிவுகளில் இருக்கும். மோசடிக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டு தண்டனை. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும், நடுவரும் (மாஜிஸ்திரேட்) இயந்திரம்போல ரிமாண்ட் செய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. உங்கள் ஆள் தலைமறைவானதால்தான் உள்ளே போனார். வீட்டிலேயே இருந்து, அழைப்பாணை வந்ததும் ஸ்டேஷனுக்கு நடந்து போயிருந்தால் கைதே நடந்திருக்காமல் போயிருக்கலாம்.

அடுத்தது, 60 நாள் கணக்கு. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 187ஆவது பிரிவின்படி, இம்மாதிரி வழக்கில் 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், உள்ளே இருப்பவர் கேட்டு, பிணையும் கொடுக்கத் தயாராக இருந்தால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். கொலை போன்ற பெரிய குற்றங்களுக்கு 90 நாள். அந்தக் கெடு தாண்டிவிட்டால் நீதிபதிக்கு விருப்பம் கிடையாது. ஓடுவாரா, மிரட்டுவாரா என்ற கேள்வியே எழாது. சீட்டு வழக்கில் நூற்றுக்கணக்கான ஆட்களிடம் வாக்குமூலம் வாங்கி முடிப்பதற்குள் 60 நாள் ஓடிவிடும். ஆக, அன்று ஜாமீன் மறுக்கப்பட்டிருந்தாலும் சித்திரையில் வெளியே வந்திருப்பார்.

விசாரணைக்கு முந்தைய சிறையைத் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் அடிப்படை. நீதிபதி கிருஷ்ணய்யர் 1977இல் சொன்னது இன்னும் நிற்கிறது: ஜாமீன்தான் பொதுவிதி, சிறை விதிவிலக்கு. எல்லாச் சட்டத்திலும் அப்படியில்லை. பெரிய அளவு கஞ்சா, பணமோசடித் தடுப்பு, உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்குகளில் இது தலைகீழ். போதைப்பொருள் சட்டத்தின் 37ஆவது பிரிவுப்படி, "இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனாலும் செய்யமாட்டார்" என்று நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். விசாரணையே தொடங்காத நேரத்தில் அதை எப்படிக் காட்டுவது? அது வேறு புலம்பல், இந்த இழைக்கு வேண்டாம்.

நொய்யல்கரை

வக்கீல் அண்ணா, சட்டம் புரிகிறது, மனம்தான் ஒப்பவில்லை. சரி, வெளியே விடட்டும். "முதலில் எல்லோருடைய பணத்தையும் கட்டு, அப்புறம் போ" என்று நிபந்தனை போட்டிருக்கலாமே?

வக்கீல் ஈரோடு

முன்பெல்லாம் அப்படி நிறையவே போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவரே "இவ்வளவு லட்சம் கட்டுகிறேன், விடுங்கள்" என்று முன்வருவதும் உண்டு. ஆனால் ஜாமீன் மனுவைக் கடன் வசூலுக்குப் பயன்படுத்தக் கூடாது, ஏமாற்றியதாகச் சொல்லப்படும் தொகையைக் கட்டினால்தான் ஜாமீன் என்று சொல்லக் கூடாது என்று ரமேஷ் குமார் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பணம் கொடுத்தால் வெளியே, கொடுக்காவிட்டால் உள்ளே என்றால் போலீஸ் ஸ்டேஷன் வட்டிக்கடை ஆகிவிடும்.

உங்கள் பணத்துக்கு வழி வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997, பலரும் டான்பிட் என்பார்கள். பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கித் திருப்பித் தராத நிதி நிறுவனத்தின் சொத்தை அரசு முடக்கலாம், சிறப்பு நீதிமன்றம் ஏலம் விட்டுப் பங்கிடலாம். கோவையில் அதற்கென்றே சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. உங்கள் சீட்டு அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பது அவர் எப்படிப் பணம் வாங்கினார், என்ன ரசீது கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் கேளுங்கள். அவர் தோட்டத்தை மைத்துனர் பெயருக்கு மாற்றுவதற்குள் கேளுங்கள்.

தறிச்சத்தம்

2012இல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணை மோசடி வெடித்ததை மறந்துவிட்டோமா? கைது, ஜாமீன், மறுபடி கைது என்று பத்திரிகையில் தினமும் படம் வந்தது. கொட்டகை போட்டவர்கள் கோழிக்குத் தீனி வாங்கக் காசில்லாமல் நின்றார்கள். ஆள் உள்ளே இருந்ததால் யாருக்கும் சல்லிக்காசு வந்துவிடவில்லை. தீர்ப்பு வருவதற்கு ஆண்டுக்கணக்காயிற்று. அதனால் வக்கீல் சொல்வது சரிதான், சொத்தைப் பிடியுங்கள், ஆளை விடுங்கள்.

ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பவானிக்காரி

நான் பெருந்துறை சிப்காட்டில் ஓர் ஆலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். தறிச்சத்தம் கேட்டதற்குக் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்களிடம் ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்த பையன். அறையில் கூட இருந்தவரின் செல்போனையும் கொஞ்சம் பணத்தையும் எடுத்துவிட்டான் என்று வழக்கு. எடுத்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. இலவச சட்ட உதவி வக்கீல் மனுப் போட்டார், ஜாமீனும் உடனே கிடைத்துவிட்டது. உத்தரவில் "தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன்" என்று இருந்தது. இரண்டு பேருக்கு இவன் எங்கே போவான்? அப்பா கலாஹாண்டியில் கூலி. கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அவனைப் போலவே வெளியூர். வீட்டு வரி ரசீது கேட்டால் யாரிடம் இருக்கும்? நிர்வாகத்தில் கேட்டேன். "நமக்கு எதற்கு அம்மணி வம்பு" என்று முடித்துவிட்டார்கள். கையில் ஜாமீன் உத்தரவு இருந்தும் பையன் வாரக்கணக்கில் சிறையிலேயே கிடந்தான். இந்த இழையின் தலைப்பில் இருக்கிற ஆள் எத்தனை மணி நேரத்தில் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்?

பழைய பெஞ்ச் கிளார்க்

அம்மணி, நீ சொன்னதை நான் வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன். ஜாமீன் கிடைப்பது ஒரு கதவு, பிணை ஏற்கப்படுவது இன்னொரு கதவு. வெளியில் இருப்பவர்களுக்கு இரண்டாவது கதவு இருப்பதே தெரியாது.

அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். காலையிலேயே ஜாமீன்தாரர்கள் இருவரும் வராந்தாவில் நிற்பார்கள். கையில் வீட்டு வரி ரசீது, ஆதார், சில இடங்களில் கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சொத்து மதிப்புச் சான்று. பிணைப் பத்திரத்தில் புகைப்படம் ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். பெயர் கூப்பிட்டதும் நடுவர் முன்னால் போய் நிற்பார்கள். "இவர் உங்களுக்கு என்ன உறவு? என்ன வழக்கு தெரியுமா? ஆள் வராவிட்டால் பணம் கட்டுவீர்களா? இதற்கு முன்னால் யாருக்காவது ஜாமீன் நின்றிருக்கிறீர்களா?" என்று கேட்பார். கடைசிக் கேள்வி சட்டப்படியே கேட்க வேண்டியது, ஏனென்றால் நீதிமன்ற வாசலில் இதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் உண்டு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், ரசீது சட்டைப் பையிலேயே இருக்கும். சில உத்தரவுகளில் "ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும்" என்றும் இருக்கும். ஒரு பாட்டி பேரனுக்கு ஜாமீன் நிற்க வந்து, "என்ன வழக்கு?" என்று நடுவர் கேட்டதும், "அவன் நல்ல பையன் சாமி, சேர்க்கைதான் சரியில்லை" என்று முழுக் கதையையும் ஆரம்பித்துவிட்டார். அரசுத் தரப்பே எழுதிக்கொள்ளும் அளவுக்குச் சொல்லிவிட்டார்.

எல்லாம் சரியாகி விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்வதற்குள் லாக்அப் நேரம் ஆகிவிட்டால் மறுநாள்தான். வெள்ளிக்கிழமை மாலை ரசீதில் பெயர்ப் பிழை கண்டுபிடிக்கப்பட்டால் திங்கட்கிழமைவரை உள்ளேதான்.

வெளியூர்க்காரன் விஷயத்தில் சட்டம் பழசு. மோத்தி ராம் வழக்கு, 1978. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். நடுவர் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார். அந்தக் காலத்துப் பத்தாயிரம்! கொத்தனாரின் அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தால், வேறு மாவட்டத்துக்காரர் என்று தள்ளிவிட்டார். கிருஷ்ணய்யர் அதைக் கிழித்து எறிந்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். நாடு ஒன்று என்று சொல்லிவிட்டு, பக்கத்து மாவட்டத்து ஆளை நம்பமாட்டேன் என்பது என்ன நியாயம் என்பதுதான் அவர் கேட்டது.

வக்கீல் ஈரோடு

ஐயா சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கென்றே வழிகாட்டுதல் கொடுத்தது. ஜாமீன் உத்தரவின் நகலை நீதிமன்றம் மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளுக்குள் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அதே ஆண்டு மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான திட்டம் ஒன்றும் கொண்டுவந்தது. அது வந்தபோது விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை உதவி என்று வைத்திருந்தார்கள்.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. யாராவது ஒரு மனு எழுதி அந்தக் காகிதத்தை நீதிபதி மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். பவானிக்காரி, அடுத்த முறை நிர்வாகத்தைக் கேட்காதீர்கள், நேராகச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

தறிச்சத்தம் அண்ணா, உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆமாம், பணம் பேசுகிறது. ஜாமீன் உத்தரவிலும் பேசும்தான், பிணைப் பத்திரத்தில் இன்னும் சத்தமாகப் பேசும். இந்திய சிறைகளில் இருப்பவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் எத்தனை வெள்ளை வேட்டிகளைப் பார்த்திருக்கிறீர்கள்?

ரிக்காரன் (திருச்செங்கோடு)

எதற்கு இவ்வளவு பேச்சு? குண்டர் சட்டத்தைப் போட்டால் ஓராண்டுக்கு ஜாமீன் கிடையாது. சீட்டுக்காரன், கஞ்சாக்காரன் எல்லோரும் அடங்குவார்கள். எங்கள் ஊரிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடநாடெல்லாம் சுற்றியவன் சொல்கிறேன், பயம் இல்லாத இடத்தில் ஒழுங்கு இருக்காது.

வக்கீல் ஈரோடு

அண்ணா, அது தடுப்புக் காவல், தண்டனை அல்ல. 1982ஆம் ஆண்டுச் சட்டம். "ஜாமீனில் வந்துவிடப் போகிறான்" என்று பயந்து போடுவதுதான் நம் மாநிலத்தில் வழக்கம். ஆனால் சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் கூடாது, ஜாமீன் கிடைக்கப் போகிறது என்பதற்கு உருப்படியான ஆதாரம் வேண்டும் என்று ரேகா வழக்கில், அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான், 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உத்தரவு ரத்தானதும் அதே ஆள் மாலையோடு ஊர்வலம் வருவான். அந்த ஓராண்டில் மூல வழக்கு அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

தறிச்சத்தம்

ரிக்காரரின் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் சாட்சி என்பவன் பக்கத்துத் தோட்டத்துக்காரன், பங்காளி, ஒரே கோயிலுக்கு வரி கொடுக்கிறவன். வெளியே வந்தவர் மிரட்டவே வேண்டியதில்லை, வாசலில் வந்து உட்கார்ந்தாலே போதும். 2015இல் கோகுல்ராஜ் கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கிய சாட்சியே பிறழ்சாட்சி ஆனார். விசாரணையை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2022இல்தான் தீர்ப்பு வந்தது. சாதி உள்ளே இருக்கும் வழக்கில் "ஓடமாட்டார், இங்கே வேர் இருக்கிறது" என்று சொல்லி ஜாமீன் கேட்டால், அந்த வேர்தான் சாட்சியின் கழுத்தைச் சுற்றுகிறது. நீதிபதி எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதைப் பார்க்க வேண்டும்.

பழைய பெஞ்ச் கிளார்க்

இதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 18ஆவது பிரிவு முன்ஜாமீனை அடைத்து வைத்திருக்கிறது. சில உத்தரவுகளில் "வேறு ஊரில் தங்கி அங்கே தினமும் காலை 10.30 மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும்" என்று போடுவதும் இதற்காகத்தான். பெருந்துறைக்காரரை மதுரையில் தங்கச் சொல்வார்கள். அவர் லாட்ஜ் வாடகை கொடுத்தே ஓய்ந்துபோய் நிபந்தனைத் தளர்வு மனுவோடு வருவார்.

நொய்யல்கரை

எங்கள் ஆளுக்கும் கையெழுத்து நிபந்தனை இருக்கிறதாம், உள்ளூர் ஸ்டேஷனிலேயே. போன வாரம் ரேஷன் கடை வரிசையில் என் அம்மாவிடம் வந்து, "புகாரில் இருந்து பெயரை எடுத்துவிடுங்கள் பெரியம்மா, உங்களுக்கு மட்டும் தனியாகத் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். இதை வைத்து ஜாமீனை ரத்து செய்ய முடியுமா?

வக்கீல் ஈரோடு

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்!

ஜாமீன் கொடுக்காமல் இருப்பது வேறு, கொடுத்ததைப் பறிப்பது வேறு. பறிப்பதற்கு வலுவான காரணம் வேண்டும் என்று 1994இல் தோலத் ராம் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். சாட்சியை விலைபேசுவதும் மிரட்டுவதும் அந்தக் காரணங்களில் முக்கியமானவை. அம்மாவின் புகாரை இன்றே எழுத்தில் விசாரணை அதிகாரியிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். தேதி, நேரம், கேட்டவர்கள் பெயர் எல்லாம் இருக்கட்டும். ஊரில் பஞ்சாயத்துப் பேச வேண்டாம், பேசினால் "சமரசம் ஆகிக்கொண்டிருந்தது" என்பார்கள். அரசு வழக்கறிஞர் ரத்து மனுப் போடத் தயங்கினால் நீங்களே போடலாம். பாதிக்கப்பட்டவருக்கு ஜாமீன் கட்டம் உட்பட எல்லாக் கட்டத்திலும் பேச உரிமை உண்டு என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ரத்தாகும் என்று உறுதி சொல்லமாட்டேன். உள்ளூர் ஸ்டேஷன் கையெழுத்தை வேறு மாவட்டத்துக்கு மாற்றினாலே உங்கள் அம்மா நிம்மதியாக ரேஷன் வாங்குவார்.

நொய்யல்கரை

நாளைக் காலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன். கேட்ட நான்கு பேரில் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற இருவரும் "சம்பந்தி வழியில் சொந்தம்" என்று நழுவிவிட்டார்கள். தறிச்சத்தம் சொன்னது இதுதான் போல.

அமராவதி (கரூர்)

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் மாவட்ட வழக்கில் அமர்வு நீதிமன்றம் ஜாமீன் மறுத்துவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குச் சென்னைக்கா போக வேண்டும்? கோவைக்காரர்கள் எல்லோரும் சென்னை என்கிறார்கள்.

பழைய பெஞ்ச் கிளார்க்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் என்றால் சென்னை. கரூர் என்றால் மதுரைக் கிளை. பஸ் ஏறுவதற்கு முன்னால் கேட்டது நல்லதாயிற்று.